கால் பட்டது தொடர்பாக

எடிசன், நியூ ஜெர்சி
8 பிப்ரவரி 1998

அன்புள்ள தங்கை வசந்தாமணிக்குத் திருமூர்த்தி எழுதுவது.

நானும் ருக்மிணியும் நலம். இந்தக் குளிர்காலத்தில் பனி விழவேயில்லை. பனி அள்ள வாங்கிய மண்வாரி கராஜில் சும்மா நிற்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை நெடுஞ்செழியனும் குழந்தை தென்றலும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் நீ பேசியது ஏழு நிமிடம். அதில் நான்கு நிமிடம் அழுகை. நான் இரண்டு கேள்விகள் கேட்டதும், "உங்ககிட்டப் போயிச் சொன்னேன் பாருங்கண்ணா" என்று வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது.

எனக்கு விளங்கிய வரையில் சங்கதி இது. நீ மருந்தாளுநராக இருக்கும் ஹூஸ்டன் மருத்துவமனையில், மருந்துப் பிரிவிலிருந்து வார்டுகளுக்கு மருந்து கொண்டுபோக ஒரு ரோபாட் உள்ளது. ஜனவரி 29 அன்று நீ அதைக் காலால் உதைத்து, கையால் அடித்து நிறுத்தியதாகவும், அதனால் நான்காம் மாடி நோயாளி ஒருவருக்கு மருந்து நாற்பது நிமிடம் தாமதமாகப் போனதாகவும் உன்மேல் புகார். இம்மாத இறுதிக்குள் நீ எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அதன்பின் விசாரணை.

உன் வேலை போனால் உன் எச்-ஒன் விசா போகும். அதைச் சார்ந்திருக்கும் மாப்பிள்ளை, குழந்தை இருவரின் விசாவும் போகும். கிரீன் கார்டுக்கு மனுப் போட இருப்பதும் இதே மருத்துவமனைதான். ஆகவே பணயத்தில் இருப்பது ஒரு பெட்டியின் மீது விழுந்த கீறல் அல்ல என்பதை மனத்தில் வை.

நான் கோபிசெட்டிபாளையம் முன்சீப் கோர்ட்டில் எட்டு ஆண்டு வக்கீலாக இருந்தவன். இங்கே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈட்டுக் கோரிக்கைகளைப் படித்துக் குறிப்பெழுதுபவன். டெக்சாஸில் வழக்காட எனக்கு உரிமம் இல்லை. நியூ ஜெர்சியிலும் இல்லை. ஆகவே நான் எழுதுவது சட்ட ஆலோசனை அல்ல, அண்ணன் சொல்வது.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதி அனுப்பு. உன் உணர்ச்சிகளைத் தனித் தாளில் எழுது. அதைப் பிறகு படிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
திருமூர்த்தி


சுகர் லேண்ட், டெக்சாஸ்
14 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நாங்கள் மூவரும் நலம். தென்றலுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தனித் தாள் கைவசம் இல்லை. இரண்டும் ஒரே தாளில் வருகின்றன, பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ரோபாட் அக்டோபரில் வந்தது. ஃபிரிஜ் உயரம், கீழே சக்கரம், உள்ளே பூட்டிய இழுப்பறைகள். லிஃப்டைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும். பெயர் வைக்கப் போட்டி நடத்தி வால்ட்டர் என்று வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குத் தொப்பி போட்டார்கள். குட் மார்னிங் சொல்லாமல் யாரும் அதைத் தாண்டுவதில்லை. எதிரில் ஆள் வந்தால் நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்தே, "எக்ஸ்கியூஸ் மீ, வழி விடுங்கள்" என்று ஆண் குரலில் சொல்லும். எட்டு விநாடிக்கு ஒருமுறை சொல்லும். நாம் ஒதுங்கினால் நன்றி சொல்லிவிட்டுப் போகும். அது ஒருநாளும் ஒதுங்கியதில்லை.

அது வந்த பிறகு, வார்டுகளுக்கு மருந்து கொண்டுபோய்க்கொண்டிருந்த இருவரை ஜனவரியோடு அனுப்பிவிட்டார்கள். ஒருத்தி லூப்பே. பதினொரு வருடமாக இருந்தவள். எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள். மருந்துப் பிரிவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வால்ட்டர்மேல் வன்மம் என்று மேலிடத்துக்கு ஒரு எண்ணம்.

அன்று மதியம் நடைபாதையில் வால்ட்டர் எதிரே வந்தது. அதன்மேல் என் கால் பட்டது. கால் பட்டால் நாம் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தொட்ட இடத்தில் சிவப்பு நிறுத்தப் பொத்தான் இருந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று அதை முழங்கால் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். பிறகு நான் என் இடத்துக்குப் போய்விட்டேன். வால்ட்டர் நாற்பது நிமிடம் அங்கேயே நின்றிருக்கிறது. உள்ளே இருந்தது ஓர் ஆன்டிபயாட்டிக். நோயாளிக்குத் தீங்கு எதுவும் இல்லை; நான் இருமுறை விசாரித்தேன்.

கூரையில் காமிரா உண்டு. அது நான்கு விநாடிக்கு ஒரு படம்தான் எடுக்கும். முதல் படத்தில் என் கால் வால்ட்டர்மேல். அடுத்ததில் என் கை பொத்தான்மேல். அதற்கடுத்ததில் நான் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். உதைத்தாள், நிறுத்தினாள், காமிராவுக்கு முகத்தை மறைத்தாள் என்கிறார்கள். என் சூப்பர்வைசர் கேரல் கேட்கிறாள்: "வசந்தா, அவன் உனக்கு என்ன கெடுதல் செய்தான்?"

உங்கள் தங்கை,
வசந்தாமணி


எடிசன்
20 பிப்ரவரி 1998

அன்புள்ள வசந்தாமணிக்கு,

குழந்தையின் சளி நீங்கியது அறிந்து நிம்மதி. ருக்மிணியின் முழங்கால் படிக்கட்டில் மட்டும் வலிக்கிறது. கடைக்குப் போகும்போது வலிப்பதில்லை.

உன் கடிதத்தை அண்ணனாகப் படித்தபோது சிரித்தேன். உன் மருத்துவமனையின் வக்கீலாக என்னை வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்பதை எந்த ஆங்கிலத்தில் எழுதப்போகிறாய்? எப்படி எழுதினாலும், ஒரு மருந்தாளுநர் ஒரு பெட்டியை வணங்கினாள் என்றுதான் வாசிக்கப்படும். பெட்டியை வணங்குபவளிடம் மருந்தை எப்படி ஒப்படைப்பது என்பது அடுத்த கேள்வியாக வரும். அந்தப் பொத்தான் எதற்கு என்று உனக்குப் பயிற்சி கொடுத்தார்களா என்பது அதற்கடுத்த கேள்வி. கொடுத்திருப்பார்கள். நீ கையெழுத்தும் போட்டிருப்பாய்.

ஆகவே விளக்கம் நான்கு வாக்கியங்களில் நிற்க வேண்டும். வரைவு கீழே:

"நடைபாதை குறுகலாக இருந்தது. என் கால் அந்தச் சாதனத்தின்மீது பட்டது. தடுமாறி ஊன்றிக்கொண்டபோது என் கை நிறுத்தப் பொத்தானின்மீது பட்டது. அது நின்றுவிட்டதை நான் அறியவில்லை."

இதில் வால்ட்டர் என்ற பெயர் இல்லை என்பதைக் கவனி. நீயும் அந்தப் பெயரை விட்டுவிடு. தனக்குப் பெயர் உள்ள ஒன்றை உதைத்தவள் கொடியவளாகத் தெரிவாள். சாதனத்தின்மீது கால் பட்டவள் அப்படித் தெரியமாட்டாள்.

கை முகத்துக்குப் போனது பற்றி அவர்கள் கேட்டாலொழியப் பேசாதே. கேட்டால், வியர்வை. ஜனவரியில் வியர்வையா என்று கேட்கமாட்டார்கள், அது ஹூஸ்டன்.

ஆங்கிலப் பிரதி இணைத்துள்ளேன். கையெழுத்திட்டு அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
திருமூர்த்தி


சுகர் லேண்ட்
1 மார்ச் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை இரண்டு நாளாக விடவில்லை, ஃப்ரீவேயில் தண்ணீர். உங்கள் ரத்த அழுத்தம் எப்படி? மாத்திரையை இரண்டாக உடைத்துச் சாப்பிடுவதாக அண்ணி சொன்னார்கள். ஒரு மருந்தாளுநரின் அண்ணன் செய்யும் காரியமா இது?

நான் கையெழுத்துப் போடவில்லை. மார்ச் முடிய அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

நடைபாதை குறுகல் இல்லை அண்ணா. எட்டடி. இரண்டு கட்டில்கள் எதிரும் புதிருமாகப் போகும். அதை அளந்து பார்க்க அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகாது. நான் தடுமாறவும் இல்லை. முதல் வாக்கியமும் மூன்றாம் வாக்கியமும் நடக்காதவை. நான்காவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் வரைவை வீட்டில் வாசித்துக் காட்டினேன். தென்றல், "அம்மா, டிட் யூ ஸே ஸாரி டு ஹிம்?" என்று கேட்டாள். இவர் உடனே, "சொன்னா கண்ணு. உங்கம்மா ஸாரி சொன்னதுலதான் அவன் அங்கயே படுத்துட்டான்" என்றார். "தென் வொய் ஆர் தே மேட்?" என்று அவள் விடாமல் கேட்டாள்.

சிவப்புப் பொத்தானுக்கு இப்போது பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டார்கள். வால்ட்டரின் முதுகில் யாரோ, "என்னை அடிக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மன்னியுங்கள், சாதனத்தின் முதுகில். நான் நடைபாதையில் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. எல்லோரும் இருக்கும்போது அது என்னிடம் வழி கேட்கிறது, நான் ஒதுங்குகிறேன், அது நன்றி சொல்கிறது. அந்த மருத்துவமனையில் என்னோடு பழையபடி பேசுவது இப்போது அது ஒன்றுதான். அதுவும் எட்டு விநாடிக்கு ஒருமுறை.

என்னால் தாங்க முடியவில்லை அண்ணா. கால் பட்டது, அவ்வளவுதான்.

உங்கள் தங்கை,
வசந்தாமணி


எடிசன்
7 மார்ச் 1998

அன்புள்ள வசந்தாமணிக்கு,

ரத்த அழுத்தம் உன் கடிதம் வரும்வரை சரியாக இருந்தது. மாத்திரை இனி முழுதாக.

குறுகல் என்பது ஒரு கருத்து, அளவு அல்ல. ஆயினும் எட்டடி என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். தடுமாற்றத்தையும் எடுத்துவிட்டேன். புதிய வரைவில் இரண்டே வாக்கியங்கள் இருக்கின்றன: கால் பட்டது, கை பட்டது. இதற்கும் நீ கையெழுத்துப் போடாவிட்டால், இந்தக் கட்சிக்காரரோடு என்னால் தொழில் செய்ய முடியாது என்று கோர்ட்டில் சொல்லி விலகுவதைப் போல நானும் விலக வேண்டியிருக்கும்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 'கால் பட்டது' என்று தொலைபேசியில் சொன்னாய். இரண்டு கடிதங்களிலும் எழுதினாய். மூன்று இடத்திலும் அதே இரண்டு சொற்கள். முன்னும் பின்னும் எதுவும் இல்லை. உண்மையில் எதேச்சையாகப் பட்ட கால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறுவிதமாகச் சொல்லப்படும். தரை வழுக்கியது என்பார்கள், கவனம் வேறெங்கோ இருந்தது என்பார்கள். கூண்டில் நின்றவர்களை எட்டு ஆண்டுகள் கேட்டிருக்கிறேன்.

நான் எதையும் கேட்கவில்லை. இந்தப் பத்திக்கு நீ பதில் எழுத வேண்டாம். நான் உன் வக்கீல் அல்ல என்பதால் நம் கடிதங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நாளை யாராவது இவற்றைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். தமிழில் இருப்பது மொழிபெயர்க்கும்வரைதான் காக்கும்.

அன்புடன்,
திருமூர்த்தி

*வசந்தா, நான் ருக்மிணி. ஓரத்தில் இடம் இருந்தது, எழுதுகிறேன். மெஷினுக்கு மரியாதை செய்யக்கூடாது என்று உங்கள் அண்ணன் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாரே, நேற்று பாங்குக்கு ஃபோன் செய்தார். அங்கே மெஷின் பேசுகிறது, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று. இவர், "இல்லீங்கம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க, எம் பேரு திருமூர்த்தி" என்கிறார். கால் மணி நேரம். கடைசியில் அதனிடம் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டுச் சாப்பிடவும் வரவில்லை.*


சுகர் லேண்ட்
4 ஏப்ரல் 1998

மச்சான் அவர்களுக்கு நெடுஞ்செழியன் வணக்கத்துடன் எழுதுவது.

அக்காவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

நான்கு வாரமாக வசந்தா உங்களுக்குப் பதில் எழுதவில்லை என்பது தெரியும். அஞ்சல் உறை மேசைமேல் விலாசத்தோடு கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. கடைசி நாளன்று உங்கள் இரண்டு வாக்கிய வரைவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். விசாரணை ஏப்ரல் 22, புதன்கிழமை.

எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாததால் அவளைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான். காலையில் பார்க்கிங் லாட்டில் பத்து நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று, "வேண்டாம்னா வீட்டுக்குப் போயிரலாம் வா" என்றேன். "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று நடந்தது முழுவதையும் என்னிடம் சொல்லிவிட்டாள். உங்களுக்கு எழுதச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணனுக்குத் தெரியக்கூடாதுங்க. தெரிஞ்சுதுன்னா அவரால ட்ராஃப்ட் எழுதித் தர முடியாது. பாவம், அவருக்குத் தெரிஞ்ச ஒரே ஒத்தாசை அதுதான்."

ஆகவே நானும் சொல்லவில்லை. நீங்கள் நினைப்பது மட்டும் அல்ல என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நான் எழுதியது அவளுக்குத் தெரியாது.

தங்கள்,
நெடுஞ்செழியன்


எடிசன்
9 ஏப்ரல் 1998

அன்புள்ள வசந்தாமணிக்கு,

அனைவரும் நலம். வசந்த காலம் வந்து மகரந்தத்தால் எனக்குத் தும்மல் தொடங்கிவிட்டது.

உன்னிடமிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. விசாரணை 22ஆம் தேதி என்று எனக்கு எப்படியோ தெரியவந்தது. மாப்பிள்ளையிடமிருந்து எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை.

கீழ்க்கண்டவற்றை மனப்பாடம் செய். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லி நிறுத்து. நிறுத்தியபின் வரும் மௌனத்தை நிரப்ப வேண்டியது உன் வேலை அல்ல. அவர்கள் மேசைமேல் தண்ணீர் வைப்பார்கள். பேசத் தோன்றும்போதெல்லாம் குடி. லூப்பேயின் பெயரை எடுக்காதே. அவள் பெயரை எடுத்தால் உனக்குக் காரணம் இருந்தது என்று ஆகும். காரணம் இருந்தால் அது விபத்து ஆகாது.

இவ்வளவு சொல்லியும் நீ வேறு ஏதோ செய்வாய் என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. நீ ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, யாரும் பார்க்காதபோது ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் நீயே சொன்னவள். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போய் நின்றது நான்.

இம்முறை என்னால் வந்து நிற்க முடியாது.

திருமூர்த்தி


சுகர் லேண்ட்
26 ஏப்ரல் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

தும்மலுக்குத் தூக்கம் வராத மாத்திரை இருக்கிறது; பெயர் தனியாக எழுதியிருக்கிறேன். நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம்.

புதன்கிழமை ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துப் பிரிவின் இயக்குநர், மனிதவளத்துப் பெண்மணி, மருத்துவமனை வக்கீல், நான்காம் மாடித் தலைமை நர்ஸ், வால்ட்டரைச் செய்த கம்பெனியின் எஞ்சினியர் ஒருத்தி. தண்ணீர் வைத்திருந்தார்கள்.

"உங்கள் கால் வால்ட்டர்மேல் பட்டதா?" என்று வக்கீல் கேட்டார். ஆம் என்று சொல்லி நிறுத்தினேன். குடித்தேன். "அது நின்றுவிட்டது அப்போது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். ஆம் அல்லது இல்லை.

"தெரியும்" என்றேன்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை அண்ணா. அன்று லூப்பேயின் கடைசி நாள். லாக்கரைக் காலி செய்து, அட்டைப்பெட்டியோடு போய்க்கொண்டிருந்தாள். வால்ட்டர் அவள் எதிரில் நின்று, "எக்ஸ்கியூஸ் மீ" என்றது. பதினொரு வருடம் அந்த நடைபாதையில் நடந்தவள், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். அது நன்றி சொன்னது. பத்து நிமிடம் கழித்து என் எதிரில் வந்து அதையே சொன்னது. உதைத்தேன். வேண்டுமென்றேதான் உதைத்தேன்.

உதைத்தவுடன் உடம்பெல்லாம் கூசிவிட்டது. அதற்கு வலிக்காது என்று தெரியும். ஆனாலும் என்னையறியாமல் குனிந்து தொட்டுவிட்டேன். பேச்சு நின்றது. அதன் விளக்கு அணைந்தது. நடைபாதை அமைதியாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக. உள்ளே மருந்து இருப்பதும் எனக்குத் தெரியும்; அடுக்கியவளே நான். மறுபடி இயக்க ஒரு சாவியைத் திருப்பினால் போதும். நான் திருப்பவில்லை. அந்த அமைதியில் நடந்து போய்விட்டேன். உங்கள் நான்காம் வாக்கியத்துக்கு நான் பதில் எழுதாமல் இருந்தது இதனால்தான்.

நான் உதைத்தது ஒரு பெட்டியை. தாமதப்படுத்தியது ஒரு நோயாளியின் மருந்தை. இரண்டில் எதற்கு நான் வருந்த வேண்டும் என்பது மூன்று மாதமாக எனக்குத் தெளிவாகவே இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் வால்ட்டரைப் பற்றியே கேட்டார்கள்.

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டார். கண்ணைப் பொத்தியது எதற்கு என்று மனிதவளத்துப் பெண்மணி கேட்டாள். மேசையின் காலைத் தொட்டுச் செய்து காட்டினேன். அப்போது தலைமை நர்ஸ், "எங்கள் மாடியிலும் உதைக்கிறார்கள். நான் இரண்டு தடவை உதைத்திருக்கிறேன்" என்றாள். எஞ்சினியர் அவளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லா மருத்துவமனையிலும் அந்த இடத்தில் நசுங்கல் இருக்கிறதாம். லிஃப்ட் கதவு இடிக்கிறது என்று நினைத்து சென்சாரை இரண்டு முறை மாற்றிவிட்டார்களாம். ஒருவர்கூட உதைத்ததாகச் சொன்னதில்லை.

கோபம் எத்தனையாவது 'எக்ஸ்கியூஸ் மீ'யில் வருகிறது என்று அவள் என்னிடம் கேட்டாள். இரண்டாவதில் என்றேன். முதல் தடவை அது என்னை ஒரு மனுஷி என்று நினைத்துக் கேட்பதுபோல் இருக்கிறது. இரண்டாவது தடவை, நான் சுவர் என்று நினைத்துக் கேட்பதுபோல் இருக்கிறது. அப்படிக் கேட்கிறவர் கொஞ்சம் பின்வாங்கி நிற்க வேண்டாமா என்றேன். அவள் ஆறு பக்கம் எழுதிக்கொண்டாள்.

முடிவு மூன்று வாரத்தில் வரும். வேலை போய்விடும் என்றுதான் இவர் நினைக்கிறார். சூட்கேஸ்களைக் கராஜிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். கேட்டால், "தூசியா இருந்துது" என்கிறார்.

உங்கள் தங்கை,
வசந்தாமணி


எடிசன்
3 மே 1998

வசந்தாமணிக்கு,

நலம். மாத்திரை வாங்கினேன்.

கேள்வி: நின்றது தெரியுமா? பதில்: தெரியும். என் எட்டு ஆண்டுத் தொழிலில் ஒரு கட்சிக்காரரும் இவ்வளவு சுருக்கமாகத் தம் வழக்கைத் தோற்றதில்லை. நான் எழுதிய மூன்று கடிதங்கள், இரண்டு வரைவுகள், மனப்பாடம் செய்யச் சொன்ன ஒரு பக்கம், இவ்வளவுக்கும் பலன் நீ ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தது. கையெழுத்திட்ட விளக்கத்துக்கு மாறாக நேரில் பேசியதால் முதல் விளக்கமும் கெட்டது. ஒரு குடும்பத்தின் விசாவை நடுமேசையில் வைத்துவிட்டு, மேசைக்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் காட்டியிருக்கிறாய். நாற்காலியில் ஐந்து பேர் இருக்க, ஒருவராவது உன்னை எழுந்து போகச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதை எழுதிவிட்டுக் கிழிக்க நினைத்தேன். ருக்மிணி, "அனுப்புங்க, அவளுக்கு உங்களத் தெரியும்" என்றாள்.

நீ உதைத்தாய் என்பதை உன் முதல் கடிதத்திலேயே ஊகித்துவிட்டேன். நின்றது தெரிந்தே நடந்து போனாய் என்பதை ஊகிக்கவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். நீ அறியவில்லை என்று நானே முடிவுகட்டி, உன் வாயில் வைத்துவிட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தபின் வரைவு எழுத முடியாது. வரைவு எழுத முடியாவிட்டால் ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் நான் உனக்கு என்ன செய்ய முடியும்? எனவே கேட்காமல் இருப்பதை உதவி என்று வைத்துக்கொண்டேன்.

கேட்கக்கூடிய கேள்வியும் ஒன்று இருந்திருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் உன் நலம் விசாரித்திருக்கிறேன், அதை விசாரிக்கவில்லை. நேற்று எங்கள் அலுவலகத்தில் இரும்பு அலமாரியில் காலை இடித்துக்கொண்டபோதுதான் நினைவுக்கு வந்தது.

அது ஃபிரிஜ் உயர இரும்புப் பெட்டி. உனக்குக் கால் வலித்ததா?

திருமூர்த்தி


சுகர் லேண்ட்
17 மே 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்தார்கள். வேண்டுமென்றே உதைத்ததற்கு ஒன்றும் இல்லை. மருந்து உள்ளே இருப்பது தெரிந்தும் விட்டுவிட்டுப் போனதற்கு எழுத்துமூல எச்சரிக்கை. ஒரு வருடம் கோப்பில் இருக்கும். அது நீங்கும்வரை கிரீன் கார்டு மனுவைப் போடமாட்டார்கள். என் விசாவில் இன்னும் இரண்டு வருடம் எட்டு மாதம் இருக்கிறது. நெருக்கடிதான், ஆனால் காலம் இருக்கிறது என்று இவர் கணக்குப் போட்டுவிட்டு, சூட்கேஸ்களைக் கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டார். எச்சரிக்கையை மறுத்து எழுதலாம் என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் வரைவு எதுவும் அனுப்ப வேண்டாம். அது சரியான எச்சரிக்கை.

வால்ட்டர் இப்போது இரண்டாம் முறை கேட்பதற்கு முன் இரண்டடி பின்வாங்குகிறது. பரீட்சார்த்தமாகத்தான். வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் எஞ்சினியருடன் உட்கார்ந்து, அந்த வாரம் யாருக்கு எங்கே எரிச்சல் வந்தது என்று சொல்ல வேண்டும். என்னையும் தலைமை நர்ஸையும் போட்டிருக்கிறார்கள். லூப்பேயைத் திரும்பக் கூப்பிடவில்லை. முதல் வியாழக்கிழமை அதைத்தான் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளத் தன் படிவத்தில் இடம் இல்லை என்றாள் எஞ்சினியர். ஓரத்தில் எழுதச் சொன்னேன். எழுதினாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

வலித்தது அண்ணா. அன்றைக்கு நான் போட்டிருந்தது முன்பக்கம் துணி வைத்த ஷூ. வலது பெருவிரல் நகம் கறுத்து, மார்ச்சில் விழுந்துவிட்டது. விபத்துப் படிவத்தில் சாதனத்துக்கு நேர்ந்த சேதம் என்று அரைப் பக்கம் இருக்கிறது. 'கீறல், ஒன்றரை அங்குலம்' என்று நிரப்பியிருந்தார்கள். என் காலை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்ல முடியாது. சொன்னால் எவ்வளவு பலமாக உதைத்தேன் என்று தெரிந்துவிடும். வீட்டில்கூட சாக்ஸைக் கழற்றாமல் நடந்தேன்.

இப்போது புது நகம் பாதி வந்திருக்கிறது. தொட்டால் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

உங்கள் தங்கை,
வசந்தாமணி